‘ஓ.எஸ். போட்டுவிடலாம்’ என்பதற்கு முன்...

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழக்கமாக அளித்துவந்த பாதுகாப்பு மேம்பாடுகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலையில் வெளியாகி, பத்து ஆண்டுகள் உழைத்த இயங்குதளம் அது. அதிலிருந்து விண்டோஸ் 11-க்கு மாறுவதற்குப் பெருநிறுவனங்களில் தனித் துறையும் திட்டமும் உண்டு. மணப்பாறை போன்ற ஊர்களில் அந்த வேலை கடைக்குக் கடை, ஒவ்வொரு கணினியாக, பெரும்பாலும் தெரிந்த தம்பி ஒருவரின் கையால் நடக்கிறது. டிடிபி மையம், பத்திர எழுத்தர் அலுவலகம், முறுக்கு மொத்த வியாபாரியின் பில் போடும் மேசை என எல்லா இடங்களிலும் இதே கதைதான்.

இந்த மாற்றத்தின்போது சில கணினிகள் பாதியில் படுத்துவிடுகின்றன. திரை நீலமாகிறது, அல்லது தொடக்கப் பட்டியைச் சொடுக்கினால் அசைவில்லை, அல்லது கணினி தானாக அணைந்து அணைந்து எழுகிறது. உடனே காதில் விழும் தீர்ப்பு: “சிஸ்டம் ஃபைல் கரப்ட் ஆகிவிட்டது. ஓ.எஸ். போட்டுவிடலாம்.” இந்த எளிய சொற்றொடருக்கு நடைமுறையில் ஒரே பொருள்தான். வன்தட்டின் முதல் பகுதியை முற்றாக அழித்து, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவது. அந்தப் பகுதியில் இருந்த கணக்கு, கடிதம், வடிவமைப்பு, எழுத்துரு அனைத்தும் அத்துடன் போய்விடும். சிதைந்தவை இயங்குதளத்தின் சில கோப்புகள் மட்டுமே என்றால், இந்த அழிப்பு பெரும்பாலும் தேவையற்றது.

இயங்குதளக் கோப்பு வேறு, நம் கோப்பு வேறு. விண்டோஸ் தன் வேலைக்காக வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான கோப்புகள் தனிக் கோப்புறையில் இருக்கின்றன. நாம் தட்டச்சு செய்த கடிதம் அங்கே இருப்பதில்லை. மேம்படுத்தலின்போது பழைய இயங்குதளம் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற கோப்புறைக்கு ஒதுக்கப்பட்டு, புதியது அதன் இடத்தில் அமர்த்தப்படுகிறது. அந்த நேரத்தில் மின்சாரம் போனால், சில கோப்புகள் அரைகுறையாக எழுதப்பட்டு நிற்கலாம். மடிக்கணினிக்கு மின்கலம் காவல். யுபிஎஸ் இல்லாத, அல்லது பேட்டரி செத்த யுபிஎஸ் வைத்திருக்கும் மேசைக் கணினிக்கு அந்தக் காவல் இல்லை. பழைய வன்தட்டில் சில பகுதிகள் தேய்ந்து, எழுதியதைத் திரும்பப் படிக்க முடியாமல் போவது இன்னொரு காரணம். நினைவகச் சில்லில் உள்ள குறைபாடும் கோப்பைச் சிதைக்கும். உரிமம் இன்றிக் கைமாறும் விண்டோஸ் பிரதிகளோ, சில பாகங்கள் வெட்டப்பட்டு, சில கோப்புகள் மாற்றப்பட்டே நம்மிடம் வந்து சேர்கின்றன. அங்கே சிதைவு பிறவியிலேயே இருக்கிறது.

மேம்படுத்தலுக்குப் பின் வரும் கோளாறுகள் எல்லாமே சிதைவும் அல்ல. பழைய அச்சுப்பொறி ஓடவில்லை, கைரேகைக் கருவியைக் கணினி அறியவில்லை என்றால், அந்தக் கருவிக்கான டிரைவர் மென்பொருள் புதிய இயங்குதளத்துக்குப் பொருந்தவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். அதற்கு டிரைவரை மாற்றினால் போதும். இதற்கும் ‘ஓ.எஸ். போடுவது’, செருப்பு கடித்ததற்குக் காலை எடுப்பதைப் போன்றது.

உண்மையிலேயே இயங்குதளக் கோப்பு சிதைந்திருந்தால் அதைக் கண்டறிந்து சீராக்கும் கருவி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. ‘சிஸ்டம் ஃபைல் செக்கர்’, சுருக்கமாக எஸ்எஃப்சி, விண்டோஸ் 98 காலத்திலிருந்தே உள்ள கருவி. நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘ஸ்கேன்நவ்’ கட்டளையை இட்டால், பாதுகாக்கப்பட்ட ஒவ்வொரு கோப்பையும் மூலப் பிரதியுடன் அது ஒப்பிடுகிறது. மாறுபட்டிருந்தால் மூலத்தைக் கொண்டு மாற்றுகிறது. அந்த மூலப் பிரதிகள் இருக்கும் களஞ்சியம் ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ என்ற கோப்புறை. களஞ்சியமே கெட்டிருந்தால் எஸ்எஃப்சி என்ன செய்யும்? சிதைந்த கோப்புகளைக் கண்டேன், சிலவற்றைச் சரிசெய்ய இயலவில்லை என்று கைவிரித்துவிடும். பலர் இந்த இடத்தில்தான் நம்பிக்கை இழக்கிறார்கள்.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற முறுக்கைச் செய்யும் ஊருக்கு இதை விளக்குவது எளிது. முறுக்கு உடைந்து வந்தால் வேறொன்று பிழிந்துகொள்ளலாம். அச்சே விரிசல் விட்டிருந்தால் எத்தனை முறை பிழிந்தாலும் அதே கோணல்தான் வரும். முதலில் அச்சை மாற்ற வேண்டும். அச்சை மாற்றும் வேலையைச் செய்வது ‘டிஸ்ம்’ என்ற இன்னொரு கருவி. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் அதில் ‘ரெஸ்டோர்ஹெல்த்’ என்ற கட்டளை உண்டு. களஞ்சியத்தைச் சோதித்து, கெட்டுப்போன மூலப் பிரதிகளுக்குப் பதில் நல்லவற்றை இணையம் வழியாக மைக்ரோசாஃப்டின் வழங்கியிலிருந்து அது பெறுகிறது. இணையம் மெதுவாக இருந்தால் அதே பதிப்பின் நிறுவல் யுஎஸ்பியிலிருந்தும் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். ஆகவே முதலில் டிஸ்ம், பிறகு எஸ்எஃப்சி. வரிசையை மாற்றினால் அரை மணி நேரம் வீண். டிஸ்ம் ஓடும்போது 62 விழுக்காட்டருகே நெடுநேரம் உறைந்து நிற்பதுபோலத் தோன்றுவது உண்டு. பொறுமையிழந்து சாளரத்தை மூடாமல், ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம்.

அந்த வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 128 ஜிபி வட்டு உள்ள கணினிகளில் இடம் போதாமல், பெரிதாகத் தெரியும் அந்தக் கோப்புறையைக் கையால் அழிக்கும் வழக்கம் இருக்கிறது. அதன் அளவில் ஒரு பகுதி தோற்றமயக்கம். வட்டில் ஒரே இடத்தில் இருக்கும் கோப்பு இரண்டு கோப்புறைகளிலும் கணக்கிடப்படுவதால் அப்படித் தெரிகிறது. அதை அழிப்பவர் அடுத்த பழுதுநீக்கத்துக்கான மூலத்தையே அழிக்கிறார். விதைநெல்லைக் குத்திச் சமைப்பது என்று நம் ஊர்களில் சொல்வது இதைத்தான்.

இவ்விரண்டும் பலிக்காவிட்டாலும் அழிப்புக்கு முன் இன்னும் படிகள் உள்ளன. விண்டோஸ் 11-இன் அமைப்புகளில், மீட்பு என்ற பகுதிக்குள், தற்போதுள்ள பதிப்பையே விண்டோஸ் அப்டேட் வழியாக மீண்டும் நிறுவும் வசதி 2024 முதல் கிடைக்கிறது. செயலிகளும் ஆவணங்களும் அப்படியே இருக்க, இயங்குதளக் கோப்புகள் மட்டும் புதிதாகும். மேம்படுத்திய பத்து நாட்களுக்குள் பழைய பதிப்புக்கே திரும்பிவிடவும் முடியும். விண்டோஸ்.ஓல்ட் இருக்கும்வரைதான் அந்த வழி திறந்திருக்கும். ‘இடத்தை அடைக்கிறது’ என்று அதை முதல் நாளே துடைத்துவிட்டால் வழியும் அடைபட்டுவிடும். கணினி தொடங்கவே மறுத்தால், இரண்டு மூன்று முறை தோற்றபின் நீல நிற மீட்புத் திரை தானாக வரும். கடைசியாக வந்த மேம்பாட்டை அங்கிருந்தே நீக்கலாம்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முந்தியது தரவைப் பத்திரப்படுத்துவது. மைக்ரோசாஃப்டே இதில் சறுக்கியிருக்கிறது. 2018 அக்டோபர் 2-ஆம் தேதி வெளியான விண்டோஸ் 10 மேம்பாடு சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட, சில நாட்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டு, நவம்பரில்தான் மீண்டும் வெளியானது. பாதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே என்று நிறுவனம் கூறியது. அந்தச் சிலருக்கு அது ஆறுதல் ஆகாது. அழிந்த கோப்பின்மீது வேறொன்று எழுதப்படாதவரை அதை மீட்கும் வாய்ப்பு உண்டு என்பதால், கணினியைப் பயன்படுத்துவதைக் குறைத்துக்கொள்ளுமாறு அப்போது அறிவுறுத்தப்பட்டது. புதிதாக ஓ.எஸ். போடுவதோ அந்த வாய்ப்பின்மீதே எழுதுவதாகும்.

விண்டோஸ் எழாத கணினியிலிருந்தும் கோப்புகளை எடுக்கலாம். யுஎஸ்பியிலிருந்தே ஓடும் லினக்ஸ் ஒன்றைக் கொண்டு கணினியைத் தொடங்கினால், வன்தட்டில் உள்ளவை கண்ணுக்குத் தெரியும். வெளி வட்டுக்கு நகலெடுத்துக்கொள்ளலாம். வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் மட்டும் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் இந்தப் பூட்டு உரிமையாளர் கேட்காமலே விழுந்துவிடுகிறது. சாவி அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் கிடக்கிறது. அந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவர் கடைக்காரர், கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை என்றால் கதை முடிந்தது. சாவியை இன்றே தாளில் எழுதிப் பத்திரங்களோடு வைத்துவிட வேண்டும்.

நகலெடுக்கும்போது ‘டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் எடுத்தாயிற்று’ என்று நின்றுவிடுவது நம்மிடையே பரவலான தவறு. டேலி போன்ற கணக்கு மென்பொருள்களின் தரவு பெரும்பாலும் அந்த இரண்டிலும் இருப்பதில்லை. மென்பொருளின் சொந்தக் கோப்புறையிலோ பொதுக் கோப்புறையிலோ இருக்கும். ஜிஎஸ்டி சட்டப்படி, ஓராண்டின் கணக்குகளை, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய கெடுநாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். ‘கணினி கெட்டுவிட்டது, ஓ.எஸ். போட்டோம்’ என்பதை அதிகாரி ஏற்பாரா என்று வியாபாரி யோசிக்க வேண்டும்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. யுனிகோடு பரவும் முன் தட்டச்சு செய்த பத்திரங்கள், மலர்கள், அழைப்பிதழ்கள், பாட நூல்கள் ஆகியவை டேம், டேப், பாமினி, வானவில் எனப் பலவகைக் குறியீட்டு எழுத்துருக்களில் இருக்கின்றன. 2010-இல் தமிழக அரசு யுனிகோடை ஏற்றபின்னும் பல டிடிபி மையங்களில் அவை தொடர்கின்றன. அந்த எழுத்துருக்கள் விண்டோஸ் கோப்புறைக்குள் ‘ஃபாண்ட்ஸ்’ என்ற உட்கோப்புறையில் குடியிருப்பவை. அழித்து நிறுவினால் அவையும் போய்விடும். பத்திரமாக நகலெடுத்து வைத்த கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வரிசைகட்டி நிற்கும். ‘ஃபைலும் கரப்ட்’ என்று அதையும் தூக்கியெறிந்தவர்கள் உண்டு. கோப்பில் எந்தக் குறையும் இல்லை. எழுத்துருவை மீண்டும் நிறுவினால் தமிழ் எழுந்து வரும். சிற்றூர் அச்சகங்களின் இருபது முப்பது ஆண்டு உழைப்பில் எவ்வளவு இப்படிக் குப்பைக்குப் போனதோ, அதற்குக் கணக்கு வைத்தவர் இல்லை. ஆகவே ஓ.எஸ். போடுவதைத் தவிர்க்கவே முடியாத இடத்திலும், முதலில் ஃபாண்ட்ஸ் கோப்புறையை முழுமையாக நகலெடுத்துக்கொள்ள வேண்டும்.

பழுதுபார்ப்பவரைக் குறைகூறிப் பயனில்லை. அழித்து நிறுவுவது அவருக்கு நேரம் கணிக்கக்கூடிய, உறுதியாக முடியும் வேலை. ஆராய்ந்து சீராக்குவது இரண்டு மணி நேரமும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். இரண்டுக்கும் ஒரே கூலிதான் தருவோம் என்றால் அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? ஆய்வுக்கென்று தனிக் கட்டணம் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் வரவேண்டும். தரவு எங்கெங்கே இருக்கிறது என்று வாடிக்கையாளரிடம் கேட்டு எழுதி வாங்காமல் வட்டில் கைவைப்பதில்லை என்ற வழக்கம் அவரிடம் வரவேண்டும்.

2024 ஜூலை 19-ஆம் தேதியை நினைவுகூரலாம். அது இயங்குதள மேம்படுத்தல் அன்று. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த தவறான கோப்பு ஒன்று, மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் பயண அட்டைகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு முதன்மையாக அறிவிக்கப்பட்ட தீர்வு என்ன தெரியுமா? கணினியைப் பாதுகாப்பு முறையில் தொடங்கி, அந்த ஒரு கோப்பை நீக்குவது. உலகையே உலுக்கிய கோளாறுக்கு ஒரு கோப்பை நீக்குவது போதுமானதாக இருந்தபோது, மணப்பாறையில் ஒரு தொடக்கப் பட்டி திறக்காததற்கு முழு வட்டையும் துடைக்க வேண்டியதில்லை.

விண்டோஸ் 11-க்குத் தகுதியே இல்லாத கணினிகளும் ஏராளம். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன செயலியும் வேண்டும். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுக் கணினிகள் இதில் தேறா. தகுதிச் சோதனையை ஏமாற்றி அவற்றில் விண்டோஸ் 11-ஐ ஏற்றிக்கொடுக்கிறார்கள். அப்படி ஏற்றிய கணினிக்கு மேம்பாடுகள் வரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. சொந்தப் பயன்பாட்டுக் கணினியில் விண்டோஸ் 10-ஐயே வைத்துக்கொள்பவர்கள், மைக்ரோசாஃப்ட் கணக்கில் அமைப்புகளை ஒத்திசைத்தால் கட்டணமின்றி 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு மேம்பாடுகளைப் பெறப் பதிவுசெய்யலாம். அதற்கும் மேல் உழைக்க வேண்டிய பழைய இயந்திரத்துக்கு லினக்ஸ் இருக்கிறது. விலையில்லா மடிக்கணினியின் முதல் தொகுதிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. கணினி வீட்டுக்கு வந்த வாரத்திலேயே, இடத்தை அடைக்கிறது என்று அதை அழித்துக் கொடுத்த கடைகளும் இருந்தன.