சோதனைக்குழாயில் உறையாத ரத்தம்

ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவைச் சோதனைக்குழாயில் எடுத்து, உறைவைத் தூண்டும் பொருளோடு பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பும் கால்சியமும் சேர்த்தால், சுமார் அரை நிமிடத்தில் கட்டிப்பட்டுவிடும். சிலருடையது ஒரு நிமிடமானாலும் நீராகவே நிற்கும். சின்னக் காயத்துக்கே இவருக்கு ரத்தம் நிற்காது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அப்படிப்பட்ட ஒருவர் மருத்துவமனைக்கு வந்ததே வேறு காரணத்துக்காக: மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டி அடைத்து, வாய் கோணி, ஒரு பக்கக் கைகால் விழுந்துவிட்டது. வயது முப்பதுதான், சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ கிடையாது.

இந்த முரணுக்குப் பெயர் ஆன்ட்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம். 1983-இல் லண்டன் மருத்துவர் கிரஹாம் ஹியூஸ் இதை விவரித்தார். கிருமியை எதிர்க்க வேண்டிய ஆன்ட்டிபாடிகள், பாஸ்போலிப்பிடில் ஒட்டும் நம்முடைய புரதங்களையே பிடித்துக்கொள்கின்றன. குழாயில் நாம் ஊற்றிய கொழுப்பை அவை வளைத்துக்கொள்வதால் உறைவு தாமதமாகிறது. உடம்புக்குள் அவையே தட்டணுக்களையும் ரத்தக்குழாயின் உட்சுவரையும் உசுப்பிவிடுகின்றன. காயமே இல்லாத இடத்தில் ரத்தம் கட்டுகிறது.

இன்னொரு பரிசோதனையும் இவர்களிடம் ஏமாறும். மேகநோய்க்கான பழைய ரத்தப் பரிசோதனையில் மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த கார்டியோலிப்பின் சேர்ப்பார்கள். அதுவும் ஒரு பாஸ்போலிப்பிட். ஆகவே, இல்லாத நோய் இருப்பதாக முடிவு வரலாம்.

புரதம் சி, புரதம் எஸ், ஆன்ட்டித்ராம்பின் ஆகியவை பிறவியிலேயே குறைந்திருந்தாலும் ரத்தம் எளிதில் கட்டும். ஆனால் அவை பெரும்பாலும் சிரைகளையே அடைக்கும். தமனி, சிரை இரண்டையும் அடைப்பது ஆன்ட்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம். அதனால்தான் இளவயதில் பக்கவாதம் வந்தவரிடம் மருத்துவர் சம்பந்தமில்லாததுபோல் கேட்பார்: கரு அடிக்கடி கலைந்ததா? கெண்டைக்கால் வீங்கியதா? தோலில் வலைபோல் ஊதா நிறம் படர்கிறதா?

ஒரே பரிசோதனையில் தீர்ப்பு எழுத முடியாது. சாதாரணத் தொற்றுக்குப் பிறகும் இந்த ஆன்ட்டிபாடிகள் சில வாரம் தலைகாட்டும். 12 வாரம் கழித்து மறுபடி எடுத்தும் இருந்தால்தான் நோய் உறுதி.

வைத்தியம் பெரும்பாலும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் பழைய வார்ஃபரின் மாத்திரைதான். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு வழக்கமாக 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். புதிய மாத்திரையான ரிவராக்சபானை, இந்நோயில் தேடப்படும் மூன்று வகை ஆன்ட்டிபாடியும் உள்ளவர்களிடம் வார்ஃபரினோடு ஒப்பிட்ட ஆய்வில் புதிய மாத்திரை எடுத்தவர்களுக்கு ரத்தக்கட்டிகள் அதிகம் வந்ததால், ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். முடிவு 2018-இல் வெளியானது. கர்ப்ப காலத்தில் வார்ஃபரின் சிசுவுக்கு ஆகாது. ஹெப்பரின் ஊசிக்கு மாற வேண்டும்.

குழாயில் உறையத் தயங்கிய அதே ரத்தத்துக்குத்தான், உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை.