அக்கா இந்தியர், தம்பி அகதி: ஒரே முகாமில் பிறந்தும் ஏன் இப்படி? திருச்சி கொட்டப்பட்டு நிலவரம்

திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து ஏர்போர்ட்டுக்கு பஸ் ஏறினால், டி.வி.எஸ் டோல்கேட் தாண்டியதும் புதுக்கோட்டை சாலையில் மத்திய சிறை வரும். இன்னும் கொஞ்ச தூரம் போனால் கொட்டப்பட்டு. ஃபிளைட்டில் வந்து இறங்கி ஸ்ரீரங்கம் ரங்கநாதரைப் பார்க்கப் போகிறவர்களும் இந்தச் சாலையில்தான் வருகிறார்கள். ரோட்டோரம் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமை எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்று தெரியவில்லை. முகாமுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஏர்போர்ட்டிலிருந்து கொழும்பு ஒரு மணி நேரப் பயணம்தான். கீழே இருப்பவர்களில் பலருக்கு பாஸ்போர்ட்டே கிடையாது.

திருச்சி மாவட்டத்தில் கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை என்று இரண்டு முகாம்கள் இருக்கின்றன. தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கும் மேல். 2021-ல் அரசு சொன்ன கணக்குப்படி முகாம்களில் வாழ்பவர்கள் 58,822 பேர். வெளியே போலீஸ் ஸ்டேஷனில் பதிவு செய்துகொண்டு வாழ்பவர்கள் இன்னும் 34,087 பேர்.

யார் இவர்கள்?

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது படகேறி வந்தவர்கள், அதற்குப் பிறகு போர் துரத்தத் துரத்த வந்தவர்கள், இங்கேயே பிறந்த அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இவர்களில் ஒரு பகுதியினர் மலையகத் தமிழர்கள். வெள்ளைக்காரர் காலத்தில் திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கமிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனவர்களின் வாரிசுகள்.

1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் இவர்களின் முன்னோர் ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். அப்படிக் கப்பலில் முறையாக வந்தவர்களுக்கு 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். கொட்டப்பட்டு அப்போது அவர்களுக்கான இடைத்தங்கல் முகாமாகவும் இருந்தது. 1984-ல் கலவரச் சூழலில் தலைமன்னார் கப்பல் நின்றுபோனது. அதன்பிறகு அதே தோட்டத்திலிருந்து படகில் வந்தவர் 'அகதி' ஆனார். அண்ணன் தாயகம் திரும்பியவர், தம்பி அகதி!

செக்கிங் நாள்

முகாம் வாழ்க்கையின் காலண்டர் 'செக்கிங்' நாளை வைத்துத்தான் ஓடுகிறது. மாதாமாதம் அதிகாரிகள் முன்னால் குடும்பத்தோடு ஆஜராகிப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். க்யூ பிரிவு போலீஸின் கண் எப்போதும் முகாம் மேல் இருக்கும். ஆள் இல்லையென்றால் உதவித்தொகை கட்.

முகாம் ஆண்கள் நிறையப் பேர் பெயின்டிங் வேலைக்குப் போகிறவர்கள். வெளியூரில் ஒரு பெரிய கட்டடத்தில் வேலை கிடைத்தால் அங்கேயே தங்கித்தான் செய்ய வேண்டும். செக்கிங்குக்காக நடுவில் ஓடிவந்தால் அந்த நாட்களின் கூலி போகும், வராவிட்டால் பணம் போகும். ராஜீவ் காந்தி படுகொலை நடந்த 1991-க்குப் பிறகு இறுகிய கண்காணிப்பு இது. அந்த வருடம் பிறந்தே இருக்காத பிள்ளைகளும் இன்று இந்த வரிசையில்தான் நிற்கிறார்கள்.

உதவித்தொகை எவ்வளவு தெரியுமா? 2021-ல் உயர்த்திய பிறகு குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என்றால் மாதம் 3,500. அரிசி தனியாகக் கிடைக்கிறது. மீதி எல்லாம் பெயின்ட் பிரஷ்தான்!

பிள்ளைகள் படிக்கிறார்கள், காலேஜ் முடித்துப் பட்டமும் வாங்குகிறார்கள். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது குடியுரிமை என்ற கட்டத்தில் பேனா நின்றுவிடுகிறது. தனியார் கம்பெனிகளிலும் ஆதார் மட்டும் போதாது என்று திருப்பி அனுப்புகிற கதை முகாமுக்கு முகாம் உண்டு.

பத்துக்குப் பத்து

முகாம் வீடு என்றாலே பலருக்கு ஞாபகம் வருவது பத்தடிக்குப் பத்தடி அறை. தற்காலிகமாக என்று கட்டியதிலேயே கல்யாணமும் நடந்தது, பிரசவம் பார்த்துத் திரும்பிய பெண்ணும் தங்கினாள், வயதானவர்கள் கண்ணையும் மூடினார்கள். பொதுக் கழிப்பறை, பொதுக் குழாய். வயசுப் பெண் இருக்கும் வீட்டில் உடை மாற்றும்போது ஆண்கள் எல்லாம் வெளியே போய் நிற்க வேண்டும்.

2021 ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்க்கு மேல் திட்டங்களை அறிவித்தார். அதில் 231.54 கோடி ரூபாய் பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதற்கு. 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. நல்ல விஷயம், இத்தனை வருடம் யாரும் செய்யாதது. ஆனால் புது வீட்டுக்கும் பட்டா கிடையாது. கான்கிரீட் கூரையின் கீழும் மாதாமாதம் செக்கிங் உண்டு.

சிறைக்குள் இன்னொரு முகாம்

அதே சாலையில், மத்திய சிறை வளாகத்துக்குள் இருக்கிறது 'சிறப்பு முகாம்'. வழக்கில் சிக்கிய வெளிநாட்டவர்களை, ஜாமீன் கிடைத்தாலும், தண்டனை முடிந்தாலும் இங்கே வைக்க முடியும். இத்தனை நாள் அதற்குக் கைகொடுத்தது 1946-ம் வருட வெளிநாட்டவர் சட்டம். எப்போது விடுவார்கள் என்று தேதி கிடையாது என்பதால் உண்ணாவிரதங்கள் இங்கே வழக்கம்.

ராஜீவ் வழக்கில் 2022 நவம்பர் 11-ல் சுப்ரீம் கோர்ட் விடுவித்த சாந்தன், முருகன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் நான்கு பேரையும் சிறையிலிருந்து நேராகக் கொண்டுவந்தது இங்கேதான். அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்த சாந்தன், அனுமதி வந்த சில நாட்களில், 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். மற்ற மூவரும் ஏப்ரலில் கொழும்புக்கு அனுப்பப்பட்டார்கள். வழக்கு எதுவும் இல்லாத சாதாரண முகாம்வாசிக்கும் 'சிறப்பு முகாம்' என்ற வார்த்தை ஏன் வயிற்றைக் கலக்குகிறது என்று புரிகிறதா?

ஜூலை 1, 1987

இனி தலைப்புக்கு வருவோம். இந்தியாவில் 1987 ஜூலை 1-க்கு முன்பு பிறந்தவர், அப்பா அம்மா யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியர். அதற்குப் பிறகு பிறந்திருந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஆக, மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த அக்கா இந்தியர். அதே முகாமில் 1988-ல் பிறந்த தம்பி அகதி. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் அக்காக்களுக்கே யாரும் இதைச் சொல்லவில்லை.

கொட்டப்பட்டு முகாமில் வாழும், மண்டபத்தில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டு ஹைகோர்ட் மதுரைக் கிளைக்குப் போனார். 2022-ல் அவருக்குச் சாதகமாக உத்தரவு வந்தது. 2024 ஏப்ரல் 19 நாடாளுமன்றத் தேர்தலில் திருச்சியில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். முகாமிலிருந்து ஓட்டுப் போட்ட முதல் ஆள் என்று டி.வி-க்கள் சூழ்ந்துகொண்டன.

அதற்கும் முன்பே, கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்தவர்கள் உள்பட இந்திய வம்சாவளியினர் 65 பேர் இதே மதுரைக் கிளையில் குடியுரிமை கேட்டு வழக்கு போட்டிருந்தார்கள். 2019 ஜூனில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அவர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னார். அதே வருடம் டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருந்தன. இலங்கை இல்லை.

2025 செப்டம்பரில் பழைய வெளிநாட்டவர் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. கூடவே ஓர் ஆணை: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை கிடையாது. முகாம்களில் பெருமூச்சு விட வைத்த செய்திதான். ஆனால் அந்த ஆணை குடியுரிமை தரவில்லை.

ஓட்டுரிமை பெற்ற அம்மாக்களுக்கு இப்போது அடுத்த கவலை. 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்த குழந்தை இந்தியர் ஆக, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. அப்பா படகில் வந்தவர் என்றால், அம்மாவின் கையில் வாக்காளர் அட்டை இருந்தாலும், அடுத்த செக்கிங் நாளில் பிள்ளை அப்பாவோடு வரிசையில் நிற்க வேண்டும்.