கூட்டம் சேர்த்த ஆட்டமும் கடையைக் கவிழ்த்த கடனும்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்கு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் ஏரிப் படகுத்துறைக்குத்தான் போகின்றன. படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகள் கடலையும் பஜ்ஜியும் கேட்பார்கள். "காத்திருக்கும் நேரமே வியாபார நேரம்" என்பது ஏரியோரக் கடைக்காரர்களுக்குப் பழகிய கணக்கு. இதே கணக்கில்தான் அமெரிக்காவில் வீடியோ கேம் கூடங்களின் பெரிய சங்கிலி ஒன்று உருவானது. அது வளர்ந்த கதையிலும் விழுந்த கதையிலும் நமக்குப் பாடம் உண்டு.

காசுப் பெட்டி சொன்ன சேதி

நோலன் புஷ்னெல் 1972-ல் கூட்டாளி டெட் டாப்னியுடன் அடாரி நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்களுடைய 'பாங்' ஆட்ட இயந்திரத்தைச் சன்னிவேல் நகரத்து மதுக்கடை ஒன்றில் சோதனைக்கு வைத்தார்கள். சில நாட்களில் இயந்திரம் நின்றுபோனதாகச் சேதி வந்தது. திறந்து பார்த்தால், காசுப் பெட்டி நிரம்பி வழிந்திருந்தது!

இயந்திரத்தைச் செய்து விற்பவருக்கு இலாபம் ஒரு முறைதான். அதில் தினமும் விழும் காசு கடைக்காரருக்கே. இதைக் கண்ட புஷ்னெல், 1977 மே மாதம் சான் ஹோசே நகரில் 'பீட்சா டைம் தியேட்டர்' திறந்தார். அதுவரை மதுக்கடைகளில் இருந்த ஆட்டம், குடும்பத்தோடு வரக்கூடிய இடத்துக்கு வந்தது. பீட்சா வேகும்வரை பிள்ளைகள் டோக்கன் போட்டு விளையாடினார்கள். இயந்திரப் பொம்மைகள் பாட்டுப் பாடின. 'சக் இ. சீஸ்' என்ற எலிப் பொம்மையே கடையின் அடையாளமானது. அடாரியை 1976-லேயே வார்னர் நிறுவனத்துக்கு விற்றிருந்த புஷ்னெல், இந்தக் கடையின் உரிமையை அவர்களிடமிருந்து பின்னர் விலைக்கு வாங்கிக்கொண்டார்.

ஏற்றமும் இறக்கமும்

1978-ல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980-ல் 'பேக்-மேன்' என்று புது ஆட்டங்கள் வரவர கூட்டம் பெருகியது. கிளைகள் வேகமாகத் திறக்கப்பட்டன. கிளைகள் திறக்க ஒப்பந்தம் போட்டிருந்த ராபர்ட் பிராக் என்பவரே பிரிந்துபோய், 1980-ல் 'ஷோபிஸ் பீட்சா' என்று போட்டிக் கடை தொடங்கினார்.

1983-ல் ஆட்ட மோகம் சரிந்தது. ஆட்டத்துக்காக வந்த கூட்டம் பீட்சாவுக்காக வரவில்லை. கிளைகளின் செலவும் கடனும் மட்டும் அப்படியே நின்றன. 1984 மார்ச்சில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அதே ஆண்டு போட்டிக் கடையே அதை வாங்கி நடத்தியது.

கதை அத்தோடு முடியவில்லை. 2014-ல் அப்பல்லோ நிறுவனம் சக் இ. சீஸை வாங்கியபோது பெருங்கடன் அதன் தலையில் ஏறியது. 2020-ல் கொரோனா கடைகளை மூடவைத்தபோது, ஜூன் மாதம் மீண்டும் திவால் மனு. கூட்டம் குறையும் காலத்தில் கடனுக்குத் தவணை குறைவதில்லை!

நமக்கு என்ன?

மே மாதக் கோடை விழாக் கூட்டம் மழை மாதங்களில் இருக்காது என்பது மலைக் கடைக்காரர்களுக்குத் தெரியாததல்ல. கடையோரம் ஆட்ட இயந்திரம் வைக்க நினைப்பவர்கள் சீசன் வரவை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். வசூலில் பங்கு பேசி வைக்க முடியுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். ஆட்டம் வாசலுக்கு ஆள் அழைத்து வரும். வந்தவரை மறுமுறையும் வரவைப்பது நல்ல சரக்கும் நியாய விலையும்தான்.