கரண்ட் வைக்கும் நாட்களில் வைட்டமின் மாத்திரை எதற்கு?

குலசேகரம் பக்கத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால், பலரும் முதலில் சொல்லும் பெயர் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. மருத்துவமனை. கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கவும் கீமோ ஏற்றவும் வாரக்கணக்கில் போய்வர வேண்டியிருக்கும். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் பழத்தோடு ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை, மஞ்சள் கேப்சூல், முள்சீத்தாப் பொடி என்று எதையாவது கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த அன்பை மதிக்கிறேன். ஆனாலும் சிகிச்சை முடியும்வரை அந்த டப்பாவைத் திறக்க வேண்டாம்.

கதிர்வீச்சு, செல்லில் உள்ள நீரைச் சிதைத்து ‘ஃப்ரீ ரேடிக்கல்’களை உண்டாக்குகிறது. புற்றுசெல்லின் டி.என்.ஏ.வை உடைப்பதில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான். டாக்ஸோரூபிசின் போன்ற கீமோ மருந்துகளும் ஓரளவு இந்த வழியில் வேலை செய்கின்றன. அதே ஃப்ரீ ரேடிக்கல்களை அடக்குவதுதான் ஆன்டிஆக்ஸிடன்டின் வேலை. நல்ல செல்லைக் காக்கப் போட்ட மாத்திரை புற்றுசெல்லையும் காத்துவிடக்கூடும்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்துக்கொண்ட 540 பேரிடம் இதைச் சோதித்தார்கள். பாதிப்பேருக்குத் தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ. தொடக்கத்தில் பீட்டா கரோட்டினும் உண்டு. நம் மெடிக்கல் ஷாப்பில் ‘400’ என்று அச்சிட்டு வரும் கேப்சூலும் ஏறத்தாழ அதே அளவுதான். இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு சிகிச்சையின் பக்கவிளைவுகள் குறைந்தன. ஆனால் நோய் திரும்புவது கூடுவதுபோல் தெரிந்தது. மாத்திரை எடுத்தவர்களிடையே இறப்பும் அதிகம். பாதிப்பு முக்கியமாகச் சிகிச்சையின்போதும் புகைத்தவர்களிடம் இருந்ததாகப் பின்னர் தெரியவந்தது.

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 1,134 பேரைப் பற்றிய அமெரிக்க ஆய்வு 2020இல் வந்தது. கீமோவுக்கு முன்பும் கீமோவின்போதும் ஆன்டிஆக்ஸிடன்ட் எடுத்தவர்களிடம் நோய் திரும்பும் வாய்ப்பு 41 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. புள்ளியியல்படி இது உறுதியான முடிவல்ல. எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளப் போதுமானது.

‘வைட்டமின் புற்றுநோயைத் தடுக்கும்’ என்ற பேச்சு வெறும் கதையும் அல்ல. வாயில் வெள்ளைப் படலம் இருந்த கேரள மீனவ ஆண், பெண்கள் 160 பேரிடம் நடந்த ஆய்வு 1997இல் வெளியானது. ஓராண்டு வைட்டமின் ஏ எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்கும், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களில் 33 சதவீதம் பேருக்கும் படலம் முழுதாக மறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 10 சதவீதம்தான். ஆனால் மருந்தை நிறுத்தியதும், வைட்டமின் ஏ-யால் குணமானவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குப் படலம் திரும்பிவிட்டது. அதுவும் புற்றுநோய்க்கு முந்தைய நிலைதான்; கீமோ ஓடும் உடம்புக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

சாப்பாட்டைக் கண்டு பயப்பட வேண்டாம். மட்டிப்பழம், முருங்கைக்கீரை, மஞ்சள் அரைத்த மீன்குழம்பு எல்லாம் வழக்கமான அளவில் சாப்பிடலாம். எடை குறைந்து தளர்ந்துபோவதுதான் இந்த நாட்களில் பெரிய கவலை. கிரீன் டீ ஒரு விதிவிலக்கு. மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் போர்டிசோமிப் மருந்தை அதிலுள்ள சத்து முடக்குவதாகச் சோதனைக்கூடத்திலும் எலிகளிடமும் தெரிந்திருக்கிறது.

டாக்டரே எழுதிக்கொடுத்த வைட்டமினை நீங்களாக நிறுத்தவும் கூடாது. நுரையீரல் புற்றுநோய்க்கான பெமெட்ரெக்செட் ஏற்றுகிறவர்களுக்கு ஃபோலிக் ஆசிடும் பி12 ஊசியும் கட்டாயம். இல்லாவிட்டால் மருந்தின் நச்சு உடம்பைப் பதம்பார்த்துவிடும். வீட்டில் வேறு எந்த மாத்திரையோ பொடியோ இருந்தாலும், அடுத்த முறை ஓ.பி.க்குப் போகையில் டப்பாவோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். பெயரை மட்டும் சொன்னால் அதில் எது எத்தனை மில்லிகிராம் என்று அவருக்குத் தெரியாது.