பூட்டப்படும் கோப்புகள்: நாம் விழித்திருக்கிறோமா?

ஆளைக் கடத்திப் பணம் கேட்பது பழைய குற்றம். இன்று கணினியிலுள்ள கோப்புகளையே பிணையாகப் பிடித்து வைத்துப் பணம் கேட்கிறார்கள். இதற்குப் பயன்படும் தீய மென்பொருளைத்தான் ரான்சம்வேர் என்று அழைக்கிறோம். இது கோப்புகளை யாரும் வாசிக்க முடியாத சங்கேதமாக மாற்றிவிடுகிறது. அதைத் திறக்கும் சாவிக்கு விலை கேட்கிறது. பணம் தராவிட்டால், திருடிய தகவல்களை வெளியிடுவோம் என்ற மிரட்டலும் இப்போது சேர்ந்துகொள்கிறது.

அயர்லாந்து நாட்டில் நடந்ததைப் பார்ப்போம். 2021ம் ஆண்டு மார்ச் 18ம் தேதி, அந்நாட்டுப் பொதுநலவாழ்வுத் துறையின் பணியாளர் ஒருவர், மின்னஞ்சலில் வந்த எக்செல் கோப்பு ஒன்றைத் திறந்தார். அதன் வழியே தீயவர்கள் உள்ளே நுழைந்தனர். மார்ச் 31ம் தேதி வைரஸ் தடுப்பு மென்பொருள் அவர்களது கருவிகளைக் கண்டுகொண்டது. ஆனால், கண்காணிக்க மட்டுமே அது அமைக்கப்பட்டிருந்ததால், எதையும் தடுக்கவில்லை. எட்டு வாரங்கள் உள்ளேயே உலவியவர்கள், மே 14ம் தேதி கோப்புகளைப் பூட்டினர். மருத்துவர்கள் காகிதத்திற்கும் பேனாவிற்கும் திரும்பினர். நோயாளிகளின் பரிசோதனைகளும் சந்திப்புகளும் ஒத்திவைக்கப்பட்டன.

அரசு பணம் தர மறுத்தது. ஒரு வாரத்திற்குள் குற்றவாளிகளே சாவியை இலவசமாகத் தந்தனர். ஆயினும், அனைத்தையும் சீராக்க செப்டம்பர் வரை ஆனது. சாவி கிடைத்தாலும் துன்பம் உடனே தீர்ந்துவிடுவதில்லை என்பதை இது உணர்த்துகிறது.

நம் பள்ளிகள், மருத்துவமனைகள், பங்கு அலுவலகங்கள் செய்யக்கூடியவை எளியவையே. முக்கியக் கோப்புகளுக்கு நகல் எடுப்போம். அதில் ஒன்றையாவது கணினியோடும் இணையத்தோடும் இணைக்காமல் தனியே வைப்போம். அந்த நகலிலிருந்து கோப்புகளை மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதிப்போம். மென்பொருள்களை உடனுக்குடன் புதுப்பிப்போம். கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பையும் சேர்ப்போம். எச்சரிக்கை வந்தால் அதைக் கவனிக்க ஒருவரை நியமிப்போம். தாக்குதல் நடந்தால், அந்தக் கணினியை உடனே வலையமைப்பிலிருந்து துண்டித்து, காவல்துறையிடம் தெரிவிப்போம். பணம் கொடுப்பதால் கோப்புகள் திரும்புமென்ற உறுதி இல்லை. அடுத்த குற்றத்திற்கு அது முதலீடாகிறது.

எல்லாவற்றிற்கும் மேலாக, தவறான கோப்பைத் திறந்துவிட்ட பணியாளர் அச்சமின்றி அதைச் சொல்லக்கூடிய சூழலை உருவாக்குவோம். திட்டுக்குப் பயந்து மறைக்கப்படும் ஒவ்வொரு நாளும், உள்ளே நுழைந்தவருக்கு நாம் தரும் அவகாசம்.