மலையேறும் ஜீப் கொதிப்பது ஏன்?

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர், தேவாரம், கம்பம் பகுதிகளில் கோழி கூவும் நேரத்திலேயே ஜீப்புகள் புறப்பட்டு விடுகின்றன. தூக்குச்சட்டியுடன் ஏறி அமரும் தொழிலாளர்களைச் சுமந்துகொண்டு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைப்பாதைகள் வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு அவை போகின்றன. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு ஆகிய ஊர்களின் ஏலக்காயில் கணிசமான பங்கை எடுப்பவை இந்த ஜீப்புகளில் வந்திறங்கும் கைகளே.

அந்த ஜீப் பாதி மலையில் ஆவி கக்கி நின்றுவிட்டால், நஷ்டம் டிரைவரோடு முடிவதில்லை. நேரத்துக்குத் தோட்டம் போய்ச் சேராத தொழிலாளிக்கு அன்றைய வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கூலியும் இல்லை. கொதிக்கிற ரேடியேட்டரை அவசரப்பட்டுத் திறந்தால் முகமும் கையும் வெந்துபோகும். இவ்வளவுக்கும் காரணத்தைத் தேடிப் பார்த்தால், பல சமயம் அது ஒரு தளர்ந்த பெல்ட்டாகவோ தேய்ந்த மூடியாகவோ இருக்கும்.

பாலக்காடு மாவட்டத்திலும் இதே கதைதான். நெம்மாராவிலிருந்து போத்துண்டி அணையைக் கடந்து நெல்லியாம்பதிக்கு ஏறி, அங்கிருந்து கல்லும் குழியுமான தடங்களில் தோட்டங்களுக்குள் போகும் ஜீப்புகளுக்கும் இந்தத் தொல்லை உண்டு. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும், அதற்கு ஜீப் போகும் பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான். அந்தப் பாதையில் நடந்து போகிறவருக்குச் சமமாகத்தான் வண்டியும் ஊர்ந்து போக முடியும்.

குளிரிலும் கொதிப்பு

வெளியே பனி மூடிக் கிடக்கிறது. பயணிகள் துண்டால் காதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால், பானெட்டுக்குள் தண்ணீர் கொதிக்கிறது. இது எப்படி?

என்ஜினில் எரியும் எண்ணெயின் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியே போகிறது. மற்றொரு பங்கை ரேடியேட்டர் தண்ணீர் வாங்கிக் காற்றில் விட்டாக வேண்டும். சமவெளிச் சாலையில் வண்டி வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்து விடும். மலையில் நிலைமை தலைகீழ். வண்டி முதல் கியரில் ஊர்கிறது; என்ஜினோ முழு மூச்சாக உழைக்கிறது. சூடு அதிகம், காற்று குறைவு. அப்போது ரேடியேட்டருக்கு விசிறி ஒன்றுதான் துணை.

அளவுக்கு மிஞ்சிய ஆட்களை ஏற்றினால் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். கூடுதல் பாரத்தை இழுக்கக் கூடுதல் எண்ணெய் எரிய வேண்டும். அந்தச் சூட்டில் ஒரு பங்கும் அதே ரேடியேட்டரின் தலையில்தான் விழும்.

மலைக்கு இன்னொரு குணமும் உண்டு. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. தண்ணீர் கொதிக்கும் சூடும் இறங்குகிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். கடலோரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 1,400 மீட்டர் உயரமுள்ள போடிமெட்டில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொழுக்குமலை உச்சியில் இன்னும் சீக்கிரம்.

மூடியின் வேலை

இந்தக் குறையை ஈடு செய்யவே ரேடியேட்டருக்கு ஸ்பிரிங் வைத்த மூடி போடுகிறார்கள். பிரஷர் குக்கரின் வேலையைத்தான் அது செய்கிறது. உள்ளே ஒரு பவுண்டு அழுத்தம் கூடினால், கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி உயரும். 7 பவுண்டு மூடி சரியாக இருந்தால், தண்ணீர் கொதிக்கும் எல்லை சுமார் 11 டிகிரி மேலே போகிறது. மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ அந்தப் பாதுகாப்பு அத்தனையும் போய்விடும். மூடி தொலைந்தபோது கிடைத்ததை வைத்து அடைத்துக்கொண்டு மலையேறுவது கொதிப்பை அழைத்து வருவதற்குச் சமம்.

எப்போது கொதிக்கிறது?

வண்டி கொதித்தவுடன் தண்ணீர் ஊற்றிக்கொண்டு புறப்படுவதே பலருக்கு வழக்கம். அதனால் நோய் தீராது. எந்த நேரத்தில் சூடு ஏறுகிறது என்று கவனித்தாலே கோளாறு எங்கே இருக்கிறது என்பது பாதி தெரிந்துவிடும்.

புறப்பட்ட சில நிமிடங்களிலேயே மீட்டர் முள் சிவப்புக்குப் போனால், முதலில் தண்ணீர் அளவைப் பார்க்க வேண்டும். தண்ணீர் நிறைய இருந்தால் தெர்மாஸ்டாட் மீது சந்தேகப்படலாம். பல என்ஜின்களில் 82 டிகிரி அளவில் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விட வேண்டிய கதவு அது. மூடியபடியே மாட்டிக்கொண்டால் என்ஜின் தண்ணீர் என்ஜினுக்குள்ளேயே வெந்துகொண்டிருக்கும். ரேடியேட்டரின் அடிக் குழாய் மட்டும் குளிர்ந்தே இருக்கும்.

சாலையில் ஒழுங்காக ஓடி, ஏற்றத்திலும் தோட்டத் தடத்திலும் மட்டும் கொதித்தால், குறை காற்றோட்டத்தில் இருக்கிறது. பேன் பெல்ட் தளர்ந்து வழுக்கலாம்; விசிறி இறக்கை உடைந்திருக்கலாம்; மின்விசிறி உள்ள வண்டியில் பியூஸ் போயிருக்கலாம். ரேடியேட்டரின் முன்பக்கத்தில் சேறும் புல்லும் பூச்சியும் அப்பி அடைத்திருக்கலாம். பின்புறமிருந்து மெதுவாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே பல வண்டிகள் குணமாகிவிடும்.

வேகமாகப் போகும்போதும் கொதித்தால், தண்ணீர் ஓட்டத்தில் தடை இருக்கிறது என்று பொருள். உப்புத் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றிய ரேடியேட்டருக்குள் பாத்திரத்தில் படிவது போல உப்பு படிந்து, குழாய்கள் அடைபடும். வாட்டர் பம்பின் உள்சக்கரம் தேய்ந்திருந்தாலும் இதுவே நேரும்.

தினமும் தண்ணீர் குறைகிறது, கீழே ஒழுகிய அடையாளம் இல்லை என்றால் நிலைமை கொஞ்சம் கடுமை. என்ஜின் ஓடும்போது ரேடியேட்டரில் விடாமல் குமிழி வருவதும், சைலன்சரில் ஓயாத வெள்ளைப் புகையும், ஆயில் கம்பியை எடுத்துப் பார்த்தால் ஆயில் பால் விட்ட காபி போல இருப்பதும் ஹெட் கேஸ்கட் போனதற்கு அடையாளங்கள். அந்த வண்டி மலையேறக் கூடாது. ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும்.

சில சமயம் என்ஜின் மீது குற்றமே இருக்காது. பிரேக் பிடித்தபடி விடாமல் இருந்தால், வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு ஏற வேண்டியிருக்கும். வண்டி நின்றதும் எந்தச் சக்கரத்தின் பக்கம் அதிகமாக அனல் அடிக்கிறது என்று கவனித்தால் இது தெரிந்துவிடும்.

வழியில் நின்றால்

முள் மேலே ஏறத் தொடங்கியதும் ஓரம் கட்டிவிட வேண்டும். கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, பயணிகளை மலைச் சரிவுப் பக்கம் பாதுகாப்பாக இறக்கிவிட வேண்டும். ஆவி வரவில்லை, தண்ணீரும் ஒழுகவில்லை என்றால் ஓரிரு நிமிடம் என்ஜினைச் சும்மா ஓட விடலாம். விசிறி சூட்டை இறக்கும். ஆவி பீறிட்டாலோ தண்ணீர் கொட்டினாலோ உடனே அணைத்துவிட வேண்டும். மீட்டரை மட்டும் நம்பவும் கூடாது. தண்ணீர் முழுவதும் வடிந்துவிட்டால், சூட்டை அளக்கும் கருவி வெறும் காற்றில் நின்று குறைவாகக் காட்டி ஏமாற்றலாம்.

மூடியை உடனே திறப்பது பெரும் ஆபத்து. அழுத்தம் விலகிய கணத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து முகத்தில் பாயும். குறைந்தது அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். மேல் ரப்பர் குழாய் கைக்கு மெத்தென்று தணிந்த பிறகு, மடித்த சாக்கைப் போட்டு மூடியைக் கொஞ்சம் திருப்பி, காற்று போன பின்பே முழுவதும் திறக்க வேண்டும்.

சூடான என்ஜினில் சுனைத் தண்ணீரை மடமடவென்று ஊற்றுவதும் தவறு. கொதித்த இரும்பு திடீரென்று குளிர்ந்தால் ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விடும். சில ரூபாய்ப் பெல்ட்டில் முடிய வேண்டிய செலவு என்ஜின் செலவாகிவிடும்.

இறக்கத்தில் ஆபத்து

மாலையில் திரும்பும்போது, என்ஜின் ஆறட்டும், டீசலும் மிச்சம் என்று என்ஜினை அணைத்து நியூட்ரலில் உருள விடுவது சிலரது பழக்கம். இதைவிட ஆபத்தான காரியம் வேறில்லை. என்ஜின் பிடிமானம் இல்லாமல் பாரம் முழுவதும் பிரேக் மீது விழும். உதவிக் கருவி உள்ள பிரேக்குக்கு என்ஜின் நின்றபின் உதவி வெகுநேரம் கிடைக்காது, மிதி இறுகிவிடும். சூடேறிய பிரேக் பிடிக்கவும் மறுக்கும். 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள போடிமெட்டுப் பாதையில் அதன் முடிவு என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஏறிய கியரிலேயே இறங்குவதுதான் மலையின் சட்டம்.

புறப்படும் முன்

என்ஜின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் தண்ணீரைப் பார்ப்பது, பேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்ப்பது, ரப்பர் குழாய்களில் வெடிப்பும் கிளிப்பில் கசிவும் உண்டா என்று தடவிப் பார்ப்பது, இவை ஐந்து நிமிட வேலை. ஊற்றுவது நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்தால் துருவும் பிடிக்காது, கொதிநிலையும் உயரும். ஒரு கேன் தண்ணீர், ஒரு பழைய சாக்கு, உபரியாக ஒரு பெல்ட் ஆகிய மூன்றும் சீட்டுக்கு அடியில் எப்போதும் இருக்கட்டும்.

வண்டியில் ஏறுகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஏற்றத்தில் டிரைவர் வண்டியை நிறுத்தினால், "நேரமாகிறது" என்று விரட்டாமல் அரை மணி நேரம் காத்திருப்பதே நல்லது. ஒரு நாள் கூலியில் கொஞ்சம் குறையலாம். எல்லோரும் வீடு திரும்புவார்கள்.