வேதாளம் சொன்னது 25 கதை... மீதியை எழுதியது யார்?

முருங்கை மரத்திலிருந்து பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார் விக்கிரமாதித்தன். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் ஒரு கதை சொல்லி, கடைசியில் ஒரு கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். சொன்னாலோ, வேதாளம் மறுபடியும் மரம் ஏறிவிடும். தாத்தா, பாட்டி முதல் 90ஸ் கிட்ஸ் வரை அம்புலிமாமா படித்தவர்கள் யாரும் இதை மறந்திருக்க முடியாது.

ஆனால், ஒரு கணக்கு இடிக்கிறதே!

11-ம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய 'கதாசரித்சாகரம்' நூலில் வேதாளக் கதைகள் மொத்தமே 25தான். மாதம் ஒன்று என்று போட்டால் இரண்டு வருஷம் தாண்டியதும் தீர்ந்துவிடும். அம்புலிமாமாவிலோ வேதாளம் பல பத்தாண்டுகள் கதை சொன்னது. அந்த மீதிக் கதைகள் எங்கிருந்து வந்தன?

எல்லாருக்கும் பொதுவான ஓர் உலகம்

நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் சென்னையில் தொடங்கிய பத்திரிகை இது. தெலுங்கில் சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா. பழைய கதைகள் தீர்ந்ததும் ஆசிரியர் குழுவினரும் வெளியிலிருந்து எழுதுபவர்களும் புதுக்கதைகளை அதே சட்டத்துக்குள் பொருத்தினார்கள். கதை எந்த நாட்டில் நடந்தாலும் சரி. முடிவில் ஒரு சிக்கலும், அதற்கு ராஜா சொல்லும் நியாயமும் இருந்தால் போதும். ஆசிரியர் கொடவடிகண்டி குடும்பராவ் அவற்றை ஒரே நடைக்குக் கொண்டுவந்தார். அதனால் எத்தனை பேர் எழுதினாலும் ஒரே வேதாளம் பேசுவதுபோலவே இருந்தது.

அரை நூற்றாண்டு மாயாஜாலம்

அந்த ஆசிரியர் குழுவில் முக்கியமானவர் தாசரி சுப்பிரமணியம். 1952-ல் வேலைக்குச் சேர்ந்து, அரை நூற்றாண்டுக்கும் மேல் அங்கேயே இருந்தார். 1954-ல் 'தோகசுக்க', அதாவது வால் நட்சத்திரம் என்ற தொடரில் ஆரம்பித்து, மந்திரவாதிகளும் ராட்சதர்களும் நிறைந்த தொடர்களை வரிசையாக எழுதினார். மொழிபெயர்ப்பில் பல மாநிலக் குழந்தைகளும் அவற்றைப் படித்தார்கள். ஆனால், எழுதியவர் பெயர் அச்சாகவில்லை. 2010-ல் அவர் மறைந்தபோது, அவர் கதைகளைப் படித்து வளர்ந்த பலருக்கு அவரை யாரென்றே தெரியாது.

வேதாளத்துக்கு உருவம் கொடுத்த ஓவியர் சங்கர் நம் கொங்கு நாட்டுக் காரத்தொழுவில் பிறந்தவர். உருவிய வாளும் தோளில் பிணமுமாக அவர் வரைந்த விக்கிரமாதித்தன்தான் இன்றும் நம் மனதில் இருப்பது. 2020-ல் அவர் காலமானார். மறு வருஷம் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பெயர் ஏன் முக்கியம்?

ஒரே உலகத்துக்குள் பலர் எழுதுவது நமக்குப் புதிதல்ல. திருச்செந்தூர் முருகனையே எடுத்துக்கொள்ளுங்கள். கச்சியப்பர் கந்தபுராணம் பாடினார். பகழிக்கூத்தர் பிள்ளைத்தமிழ் பாடினார். ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் கந்தர் கலிவெண்பா பாடினார். நூற்றாண்டுகள் கடந்தும் யார் எதைப் பாடினார்கள் என்று நமக்குத் தெரிகிறது.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு முயற்சி உண்டு. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' புகழ் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் 1987 முதல் தொகுத்துவரும் 'வைல்டு கார்ட்ஸ்' வரிசையில், ஒரே உலகத்தில் பலர் கதை எழுதுகிறார்கள். அங்கே எழுதியவர்களின் பெயர் புத்தகத்திலேயே இருக்கிறது.

வேதாளக் கதைகளை எழுதிய பலருக்கு அது கிடைக்கவில்லை. சந்தமாமா 2013-ல் நின்றுபோனது. பெயரில்லாத அந்தப் பக்கங்கள் பைண்டிங் செய்து வைத்தவர்களின் வீடுகளில் மிஞ்சியிருக்கின்றன.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய அம்புலிமாமா இருந்தால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். லீவு நாளில் பிள்ளைகளுக்கு ஒரு கதை படித்துக்காட்டுங்கள். கூடவே தாசரி சுப்பிரமணியம், சங்கர் என்ற பெயர்களையும் சொல்லுங்கள்.